யானைத் திருக்கை, வளையவால் லெமூர்: எதற்கு ஆபத்து அதிகம்?

நாகப்பட்டினம் மீன் இறங்குதளத்தில் பெரிய திருக்கைகளைப் பார்த்ததாகவும், யானைத் திருக்கையும் (மாண்டா ரே) மடகாஸ்கரின் வளையவால் லெமூரும் (குரங்குகளுக்கு உறவான ஒரு விலங்கு), அழியும் அபாயத்தை வைத்து உயிரினங்களை வகைப்படுத்தும் உலகளாவிய சிவப்புப் பட்டியலில் ஒரே நிலையில் இருப்பது ஏன் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் 'அழியும் ஆபத்திலுள்ளவை' என்ற வகையைச் சேர்ந்தவைதான். ஆனால் காரணங்கள் வேறு.

சுமார் 7 மீட்டர் அகலம்வரை வளரும் யானைத் திருக்கை, மிதவை உயிரிகளைச் செவுள்களில் வடிகட்டி உண்கிறது. பல மீன்களைப்போல ஆயிரக்கணக்கில் முட்டையிடாமல், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டியை ஈனுகிறது. ஓயாமல் நீந்தினால்தான் செவுள்களில் நீர் பாயும் என்பதால், வேறு மீனுக்கு விரித்த வலையில் சிக்கினாலும் மூச்சுத்திணறி இறந்துவிடும். உலர்ந்த செவுள் தகடுகளைச் சீன மருந்துச் சந்தை வாங்குவது, தற்செயலாகச் சிக்கியதற்கும் விலை வைத்துவிடுகிறது.

தெற்கு, தென்மேற்கு மடகாஸ்கரில் மட்டுமே வாழும் லெமூருக்கு, விறகுக்கரிக்காகவும் சாகுபடிக்காகவும் காடு அழிவதும், வேட்டையும், வளர்ப்புக்காகப் பிடிப்பதும் எதிரிகள். ஆனால் மூன்று வயதளவில் பருவமடையும் பெண் லெமூர், பெரும்பாலும் ஆண்டுதோறும் குட்டி போடும்.

எனவே, காடு எஞ்சினால் லெமூர் திருக்கையைவிட விரைவாகப் பெருகக்கூடும் என்பது என் கணிப்பு. திருக்கைக்கு ஒரு காப்பகத்தை ஒதுக்கினாலும், அது எல்லை தாண்டித் திரியும். ஆகவே நம் டெல்டா கரையோரப் படகுகளில் உயிருடன் சிக்கியதை வலையை அறுத்தாவது உடனே விடுவிப்பதற்கு, அறுந்த வலைக்கான இழப்பீடு முதலில் தேவை.