டெர்மினல் திறக்கவில்லையா? ரீஇன்ஸ்டால் வேண்டாம்

உபுண்டு 22.04 லினக்ஸில் பைத்தான் மொழியின் 3.12 பதிப்பைப் போட்டு, பைத்தான்3 என்ற பெயரையே அதற்கு மாற்றிவிட்டீர்கள். இப்போது கட்டளைகளை அடிக்கும் டெர்மினலே திறக்கவில்லை, திங்கட்கிழமை பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலையில் சேர வேண்டும் என்கிறீர்கள். பயப்படாதீர்கள், லேப்டாப்புக்கு ஒன்றுமில்லை.

உபுண்டுவில் அந்த டெர்மினலை (க்னோம் டெர்மினல்) திறந்துவிடுவதே ஒரு சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட்தான். அதற்கு வேண்டிய லைப்ரரிகள் 22.04-உடன் வந்த 3.10-க்காகக் கட்டப்பட்டவை. 3.12-ஐக் காட்டினால் சத்தமில்லாமல் செத்துவிடும்.

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்புத் திரை வரும், லாகின் செய்யுங்கள். பாஸ்வேர்டு அடிக்கும்போது புள்ளிகூடத் தெரியாது, அடித்துக்கொண்டே போங்கள். அட்மின் உரிமை தரும் சூடோ போட்டு, லிங்கை மாற்றும் எல்என் -எஸ்எஃப் கட்டளையைக் கொண்டு, யூஎஸ்ஆர் ஃபோல்டருக்குள் இருக்கும் பின் ஃபோல்டரில் உள்ள பைத்தான்3 லிங்கைப் பழையபடி பைத்தான்3.10-க்குத் திருப்புங்கள். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 அழுத்தினால் டெஸ்க்டாப் வந்துவிடும்.

இது தெரியாமல் நான் பிடிஎம் லேஅவுட் பிஜியில் மொத்தத்தையும் அழித்துவிட்டு உட்கார்ந்தேன். அந்த வைஃபையில் உபுண்டுவின் இன்ஸ்டால் ஃபைலான ஐஎஸ்ஓ இறங்குவதற்குள் விடிந்துவிட்டது.

3.12 அப்படியே இருக்கட்டும், தொல்லையில்லை. அதற்கான வென்வ் (புராஜெக்டுக்கென்று தனிப் பைத்தான் சூழல்) பேக்கேஜைப் போட்டு, ஒவ்வொரு புராஜெக்ட் ஃபோல்டரிலும் 3.12 என்று பெயர் சொல்லியே தனி வென்வ் உருவாக்குங்கள். லைப்ரரிகளை இறக்கும் பிப் எல்லாம் அதற்குள்தான். சூடோ பிப் பக்கமே போகாதீர்கள். விஎஸ் கோட் எடிட்டரில் பைத்தான் இன்டர்பிரட்டரையும் அந்த வென்வுக்கு மாற்றிவிடுங்கள். அப்புறம், 3.10-ஐ மட்டும் அன்இன்ஸ்டால் செய்துவிடாதீர்கள், டெஸ்க்டாப்பையே சேர்த்துக் கொண்டுபோய்விடும்.