பதிவில் லிங்க் கொடுப்பது: உங்கள் கேள்விகளும் பதில்களும்

வேர்ட்பிரஸ், பிளாகர் எடிட்டர்களில் எழுத்துக்கு லிங்க் கொடுப்பதில் என்ன சந்தேகம் இருந்தாலும் கேட்கச் சொல்லியிருந்தேன். நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டு மற்றவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

சார், நான் இப்போதுதான் எழுத ஆரம்பித்திருக்கிறேன். ஒரு சொல்லைத் தொட்டால் வேறொரு பக்கம் திறக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது?

போக வேண்டிய பக்கத்தின் முகவரியை முதலில் காப்பி செய்துகொள்ளுங்கள். எடிட்டருக்கு வந்து அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோலும் கே எழுத்தும் சேர்த்து அழுத்துங்கள். மேக் என்றால் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட். சின்னப் பெட்டி ஒன்று வரும், அதில் ஒட்டிவிட்டு என்டர் தட்டினால் முடிந்தது. வேர்ட்பிரஸ், பிளாகர், கூகுள் டாக்ஸ் எல்லாவற்றிலும் இதேதான். போனில் என்றால் சொல்லை அழுத்திப் பிடித்துத் தேர்ந்தெடுத்து, சங்கிலிக் கண்ணி போன்ற படத்தைத் தொடுங்கள்.

வேர்ட்பிரஸில் இதைவிடச் சுலபமான வழியும் உண்டு. சொல்லைத் தேர்ந்தெடுத்து, அதன் மேலேயே முகவரியை பேஸ்ட் செய்யுங்கள். சொல் அப்படியே இருக்கும், லிங்க் மட்டும் ஏறிக்கொள்ளும்.

தம்பி, நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். மாணவர்களுக்காக வினாத்தாள்களைத் தொகுத்துப் போடுகிறேன். ஒவ்வொன்றுக்கும் 'இங்கே சொடுக்கவும்' என்று எழுதுகிறேன். அது சரியில்லை என்கிறார்களே, ஏன்?

ஐயா, இதைக் கேட்டதற்கு நன்றி. எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

பார்வையற்ற நண்பர் ஒருவர் இணையத்தைப் பயன்படுத்தும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். என்விடிஏ என்ற இலவசத் திரை வாசிப்பான் (திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்) வைத்திருக்கிறார். இன்சர்ட் விசையோடு எஃப்7 அழுத்தினால், பக்கத்தில் உள்ள லிங்க்குகள் மட்டும் ஒரு பட்டியலாக வரும். கண்ணால் பார்ப்பவர்கள் பக்கத்தை மேலோட்டமாக ஒரு நோட்டம் விடுவதுபோல, அவர் அந்தப் பட்டியலை ஓடவிட்டுக் கேட்பார். அன்று அவர் திறந்த பக்கத்தில் கேட்டது இவ்வளவுதான்: "இங்கே சொடுக்கவும், இங்கே சொடுக்கவும், இங்கே சொடுக்கவும்..." எது எதற்கு என்று தெரிய, பட்டியலை மூடிவிட்டுப் பக்கம் முழுவதையும் முதலிலிருந்து கேட்டார்.

நீங்கள் மாற்ற வேண்டியது கொஞ்சம்தான். 'பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் வினாத்தாள் பெற இங்கே சொடுக்கவும்' என்ற வரியில் கடைசி இரண்டு சொற்களுக்கு லிங்க் இருக்கிறது. அதற்குப் பதில் 'பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் வினாத்தாள், பிடிஎஃப், 2 எம்பி' என்று எழுதி, முழுவதற்கும் லிங்க் கொடுங்கள். எங்கே போகிறோம், என்ன இறங்கும், எவ்வளவு டேட்டா செலவாகும் என்று தொடும் முன்பே தெரிந்துவிடும். போனில் கட்டை விரலால் தொடவும் வசதியான நீளம். கூகுளும் ஒரு பக்கம் எதைப் பற்றியது என்று புரிந்துகொள்ள, அந்தப் பக்கத்துக்கு வரும் லிங்க்கில் உள்ள சொற்களைப் பார்க்கிறது.

அண்ணா, 'நூல்' என்ற சொல்லுக்கு மட்டும் லிங்க் வேண்டும். ஆனால் வாக்கியத்தில் 'நூலில்' என்று வருகிறது. எச்டிஎம்எல் பார்வையில் (பதிவின் நிரல் தெரியும் பக்கத்தில்) பாதியில் வெட்டினேன், எழுத்து உடைந்துவிட்டது.

ஆங்கிலத்துக்கு எழுதிய வழிகாட்டிகளில் இதற்குப் பதில் இருக்காது. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை 'லி' என்பது ஓர் எழுத்தில்லை. 'ல' ஒரு குறி, அதன் மேல் ஏறும் இகரக் கொக்கி இன்னொரு குறி. இரண்டுக்கும் நடுவில் லிங்க்கை மூடினால் கொக்கிக்குப் பிடிமானம் போய்விடும். பல இடங்களில் அது புள்ளி வட்டத்தோடு தனியாக நிற்கும். 'கொ' மாதிரி இரண்டு பக்கமும் குறி வரும் எழுத்து என்றால் இன்னும் மோசம்.

அதனால் வேற்றுமை உருபையும் சேர்த்து முழுச் சொல்லுக்கும் லிங்க் கொடுங்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் இப்படித்தான் செய்கிறார்கள். அங்கே [[மதுரை|மதுரையில்]] என்று எழுதினால் இடப்பக்கம் கட்டுரையின் தலைப்பு, வலப்பக்கம் வாசகர் பார்க்கும் சொல். 'மதுரையில்' என்பதைத் தொட்டால் மதுரை கட்டுரை திறக்கும்.

தமிழ்த் தலைப்புள்ள பதிவின் முகவரியை காப்பி செய்தால் முழம் நீளத்துக்கு % குறிகளாக வருகிறதே, வைரஸா?

வைரஸ் இல்லை, பயப்படாதீர்கள். கம்ப்யூட்டர் எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். முகவரியில் ஒரு பைட்டை எழுத % குறியும் இரண்டு எழுத்துகளும் வேண்டும். ஆக ஒரு குறிக்கு 9 இடம். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று 5 குறிகள், மொத்தம் 45 இடம். லிங்க்கில் அப்படியே ஒட்டினாலும் சரியாக வேலை செய்யும்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. வேர்ட்பிரஸ் பதிவின் முகவரித் துண்டுக்கு (முகவரியில் தலைப்பிலிருந்து உருவாகும் பகுதிக்கு) 200 இடம்தான் தருகிறது. ஒன்பது ஒன்பதாகப் போனால் 22 குறிகளில் தீர்ந்துவிடும். நீளமான தமிழ்த் தலைப்பு பாதியில் அறுந்து நிற்பது இதனால்தான். பிளாகரோ முழுக்கத் தமிழில் இருக்கும் தலைப்பைக் கண்டுகொள்ளாமல், பிளாக்-போஸ்ட் என்ற பொதுப் பெயரையே வைத்துவிடும்.

நான் செய்வது இது: வெளியிடும் முன்பு முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில், இரண்டு மூன்று சொற்களில் நானே எழுதிவிடுவேன். தலைப்பு தமிழிலேயே இருக்கும். வெளியிட்ட பிறகு மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால், வேர்ட்பிரஸ் பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் தானாக அனுப்பிவிடும். பிளாகரில் அதற்கு அமைப்புகளுக்குப் போய் நீங்களே வழி போட வேண்டும்.

எச்டிஎம்எல் பார்வையில் நானே லிங்க் எழுதினேன். தொட்டால் என் தளத்திலேயே 404, அதாவது பக்கம் இல்லை என்று வருகிறது.

இரண்டு இடங்களைப் பாருங்கள். முகவரி எச்டிடிபிஎஸ் என்று தொடங்குகிறதா? அது இல்லாமல் டபிள்யூடபிள்யூடபிள்யூ என்று நேராக ஆரம்பித்தால், பிரவுசர் அதை உங்கள் தளத்துக்குள் இருக்கும் ஒரு பக்கமாக எடுத்துக்கொண்டு அங்கேயே தேடும். அப்புறம் மேற்கோள் குறிகள். வேர்டில் எழுதி ஒட்டினால் குறிகள் வளைந்து வரும். பிரவுசருக்கு நிமிர்ந்த குறிதான் குறி. வளைந்ததை முகவரியின் பகுதியாகவே சேர்த்துவிடும். குறிகளை அழித்து எடிட்டருக்குள்ளேயே தட்டச்சு செய்யுங்கள்.

கூகுள் டிரைவில் உள்ள கோப்புக்கு லிங்க் கொடுத்தேன். எனக்குத் திறக்கிறது, வாசகர்களிடம் அனுமதி கேட்கிறதாம்.

பகிர்வு அமைப்பில் 'இணைப்பு உள்ள எவரும்' பார்க்கலாம் என்று மாற்றுங்கள். எந்த லிங்க்கையும் பிரவுசரின் மறைநிலை (இன்காக்னிட்டோ) சாளரத்தில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டே வெளியிடுங்கள். அங்கே நீங்களும் அடையாளம் தெரியாத வாசகர்தான்.

லிங்க் எல்லாம் புதிய டேப்பில் திறக்கட்டுமா?

வேண்டாம் என்பேன். அப்படித் திறந்தால் பின் பொத்தான் வேலை செய்யாது, போனில் பலர் தடுமாறுவார்கள். படிவம் நிரப்பும் பக்கத்தின் நடுவில் விதிமுறைகளுக்கு லிங்க் கொடுக்கிறீர்கள் என்றால் மட்டும் புதிய டேப் நல்லது, நிரப்பியது அழியாது.

தையல் கடை வைத்திருக்கிறேன் அண்ணா. என் நம்பரைத் தொட்டால் கால் போக வேண்டும்.

லிங்க் பெட்டியில் முகவரிக்குப் பதிலாக டெலிபோன் என்பதன் முதல் மூன்று எழுத்துகளை ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி (:) வைத்து, இடைவெளி இல்லாமல் +91 சேர்த்து நம்பரை எழுதுங்கள். லிங்க் தரும் எழுத்து 'அளவு கொடுக்க நேரம் கேட்க அழையுங்கள்' என்பதுபோல இருக்கட்டும், பக்கத்திலேயே நம்பரையும் எழுதுங்கள். கம்ப்யூட்டரில் பார்ப்பவர் குறித்துக்கொள்வார்.

பேஸ்புக்கிலிருந்து எடுக்கும் முகவரிகள் ஏன் அவ்வளவு நீளம்? வெட்டலாமா?

கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதில் பெரும்பகுதி, யார் எங்கிருந்து வந்தார் என்று பின்தொடரும் குறிகள். வெட்டிவிட்டுத் திறந்து பாருங்கள், திறந்தால் வெட்டியது சரி. யூடியூபின் நீளமான முகவரியில் மட்டும் கவனம்: கேள்விக்குறிக்கு அடுத்து வி, சமக்குறி என்று வருவதுதான் வீடியோவின் அடையாளம். அதை எடுத்தால் வீடியோ போய்விடும்.

நீளத்துக்குப் பயந்து, முகவரியைச் சின்னதாக்கித் தரும் 'சுருக்கி'த் தளங்களின் முகவரியை மட்டும் போட வேண்டாம். சுருக்கித் தரும் நிறுவனம் கடையை மூடினால் உங்கள் லிங்க்கும் போகும். கூகுளே தன் சுருக்கியில் புதிய முகவரி தருவதை 2019-ல் நிறுத்திவிட்டது.

2010 வாக்கில் எழுதிய பதிவுகளில் பாதி லிங்க் செத்துவிட்டது. எல்லாவற்றையும் எடுத்துவிடவா?

எடுக்காதீர்கள். செத்த முகவரியை இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் போட்டுப் பாருங்கள். 1996-லிருந்து பக்கங்களைச் சேமிக்கிறார்கள். நீங்கள் பதிவு எழுதிய மாதத்தை ஒட்டிய பிரதி கிடைத்தால், அதன் முகவரியை லிங்க்கில் மாற்றிவிடுங்கள். கிடைக்காவிட்டால் லிங்க்கை நீக்கிவிட்டு, அது என்ன கட்டுரை, யார் எழுதியது, எங்கே வந்தது என்று நினைவில் இருப்பதை அதே வரியில் எழுதிவையுங்கள். தேடுபவருக்கு அந்தப் பெயராவது கையில் இருக்கும்.