பழைய எயார் ரைபிளுக்குப் புதிய போர்ட் போடலாமா?

கேள்வி: தம்பலகாமத்தில் வயல் செய்கிறேன். மகன் இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறான். கிளப்பில் சுடுவதற்காக ஒரு பழைய எயார் ரைபிள் வாங்கினான், பற்றரியில் இயங்கும் வகை. இப்போது சார்ஜ் நிற்பதில்லை, சில நேரம் விசையை இழுத்தாலும் சுடுவதில்லை. புதிய சேர்கிட் போர்ட் மாற்றினால் பவரும் இரண்டு மடங்காகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். 400 பவுண் செலவாகுமாம். மாற்றிவிட்டு, அடுத்த விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்து தந்தால் பன்றிக்கும் மயிலுக்கும் உதவும் என்கிறான். செய்யலாமா?

பதில்: ஐயா, கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொண்டுவர வேண்டாம் என்று மகனிடம் இன்றைக்கே சொல்லுங்கள். ‘விளையாட்டுச் சாமான்தானே’ என்று சூட்கேசில் வைத்து வந்தால் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே விடுமுறை முடிந்துவிடும். பாதுகாப்பு அமைச்சின் அனுமதி எழுத்தில் கைக்கு வராமல் ரைபிள் மட்டுமல்ல, அதன் உதிரிப்பாகம்கூட விமானம் ஏறக்கூடாது. பயிர் காக்கத் துப்பாக்கி வேண்டுமென்றால் மாவட்டச் செயலகத்தில் போய் விசாரியுங்கள். அதுதான் நேர்வழி. மயிலைப் பற்றிப் பேச்சே வேண்டாம். அது பாதுகாக்கப்பட்ட பறவை, சுட்டால் வழக்கு.

பன்றி விஷயத்தையும் பார்ப்போம். இங்கிலாந்தில் லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கக்கூடிய எயார் ரைபிளின் உச்ச சக்தி 12 அடி-இறாத்தல், அதாவது 16 ஜூலுக்குச் சற்று மேல். சிறிய துப்பாக்கித் தோட்டாவான .22 லோங் ரைபிளின் சக்தியே ஏறத்தாழ 140 ஜூல். மகனுடைய ரைபிளை இரண்டு மடங்காக்கினாலும் 32 ஜூல்தான். அதை வைத்துப் பன்றியைச் சுட்டால் அது சாகாது. காயத்தோடு ஓடிப் பற்றைக்குள் கிடந்து, மறுநாள் யாராவது பெண்பிள்ளை விறகு பொறுக்கப் போகும்போது எழும்பும். காயம்பட்ட பன்றி என்ன செய்யும் என்று தம்பலகாமத்துக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. யானை வெடியும் சோலர் மின்வேலியும் இதைவிட மேல்.

இனி ரைபிளுக்கு வருவோம், அது இங்கிலாந்திலேயே இருக்கப்போகிறது என்ற எண்ணத்தோடு.

பற்றரி வகை எயார் ரைபிளில் மின்சாரம் குண்டைத் (பெலட் என்பார்கள்) தள்ளுவதில்லை. தள்ளுவது அழுத்திய காற்றுத்தான். குழாய்க்குள் 200 பார் அழுத்தத்தில் காற்று இருக்கும். பழைய முறையில், விசையை இழுத்தால் ஸ்பிரிங்கோடு இணைந்த சுத்தியல் ஒன்று வால்வைத் தட்டித் திறக்கும். டேஸ்டேட் என்ற பிரித்தானியத் தயாரிப்பாளர் 2000களில் அந்த வேலையை சொலினொயிட் என்ற மின்காந்தச் சுருளுக்குக் கொடுத்தார். மின்சாரம் பாய்ந்தவுடன் அதுதான் வால்வைத் திறக்கிறது. எவ்வளவு வலுவாக, எவ்வளவு நேரம் என்பதை சேர்கிட் போர்ட் தீர்மானிக்கும். ஆகவே போர்டை மாற்றினால் பவர் மாறும் என்று மகனிடம் சொன்னவர் பொய் சொல்லவில்லை. மாறினால் என்ன ஆகும் என்பதைத்தான் சொல்லாமல் விட்டிருக்கிறார்.

12 அடி-இறாத்தலைத் தாண்டிய நிமிடத்திலிருந்து அந்த ரைபிள் அங்கே சட்டப்படி வேறு சாமான். 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்தின்படி பொலிஸ் தரும் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் இல்லாமல் கையில் வைத்திருந்தாலே குற்றம். ‘எனக்குத் தெரியாது, கடைக்காரர்தான் போட்டுத் தந்தார்’ என்பது எடுபடாது. விசா, வேலை என்று வாழ்கிற பிள்ளைக்கு இது தேவைதானா?

சரி, இரண்டு மடங்கு பவரால் கிடைப்பதாவது அதிகமா? அதுவும் இல்லை. சக்தி இரட்டித்தால் வேகம் இரட்டிப்பதில்லை, 1.4 மடங்குதான் கூடும். ஒரு கிராமுக்குச் சற்றுக் கூடிய 5.5 மில்லிமீட்டர் பெலட் 16 ஜூலில் நொடிக்கு ஏறத்தாழ 175 மீட்டர் போகும். 32 ஜூலில் 250 மீட்டர் வரும். கிளப்பில் அட்டையைச் சுடுகிறவருக்கு அதனால் ஒரு புள்ளிகூட அதிகம் வராது. காற்று மட்டும் சீக்கிரம் தீரும்.

‘அப்படியானால் காற்றைக் கூட நிரப்பினால் போச்சு’ என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அது இன்னும் மோசம். அளவுக்கு மேல் நிரப்பினால் உள்ளழுத்தம் வால்வை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தட்டுகிற வலு போதாமல் வால்வு சரியாகத் திறக்காது, பெலட் மெதுவாகத்தான் போகும். குழாய்க்கு வரும் ஆபத்து வேறு.

இன்னொன்றை மகனிடம் கட்டாயம் சொல்லுங்கள். இவ்வகை ரைபிள்களில் பாரமான பெலட் போட்டாலே பொதுவாகச் சக்தி கூடும். எதையும் கழற்றாமல், பெலட் டப்பாவை மட்டும் மாற்றிவிட்டு எல்லையைத் தாண்டக்கூடும். கிளப்பில் வேகம் அளக்கும் கருவி இருந்தால் புது டப்பா வாங்கும்போதெல்லாம் ஒருமுறை அளந்து பார்க்கட்டும்.

400 பவுண் கணக்கைப் பாருங்கள். அவனுடைய பிரச்சினை சார்ஜ் நிற்காதது. அது பெரும்பாலும் வெறும் பற்றரிக் கோளாறு. பத்து வருடம் பழகிய பற்றரி எந்தச் சாமானில்தான் ஒழுங்காக வேலை செய்கிறது? வோல்ட் இறங்கினால் சொலினொயிட்டுக்கு வலு போதாது. விசையை இழுத்தும் சுடாமல் இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். முதலில் பற்றரி. அப்புறம் காற்றுக் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்களை (ஓ-ரிங்) மாற்றி ஒரு சேர்விஸ். அதற்குப் பிறகும் கோளாறு தீராவிட்டால்தான் போர்ட். அதையும் தயாரிப்பாளரிடமோ அவர்கள் காட்டும் சேர்விஸ் ஆளிடமோ கொடுத்து, ‘12க்குக் கீழே வைத்து, அளந்து, எழுதித் தாருங்கள்’ என்று கேட்டு வாங்க வேண்டும். அந்த மாடலுக்கு உதிரிப்பாகம் இன்னும் வருகிறதா என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுக்கட்டும். வராவிட்டால் அந்த 400 பவுணைச் சுத்தியல் வகை ரைபிள் ஒன்றுக்குப் போடுவது புத்தி. அதற்குச் சார்ஜரும் வேண்டாம், போர்டும் வேண்டாம்.

கேள்வி: மகள் 10 மீட்டர் எயார் ரைபிள் பழகுகிறாள். ஒருவர் பழைய ஜேர்மன் ரைபிள் தருவதாகச் சொல்கிறார், பார்க்கப் புதிதுபோல இருக்கிறது. பவர் குறைவு என்பதால் விலையும் குறைவாம். வாங்கலாமா? (உப்புவெளி வாசகி)

பதில்: ‘பவர் குறைவு’ என்றால் குறையே அல்ல, அம்மா. அந்தப் போட்டிக்கான 4.5 மில்லிமீட்டர் ரைபிள்கள் 7.5 ஜூல் அளவில்தான் செய்யப்படுகின்றன. பார்க்க வேண்டியது பளபளப்பை அல்ல, காற்றுச் சிலிண்டரில் பொறித்திருக்கும் திகதியை. இந்தச் சிலிண்டர்களுக்குத் தயாரிப்பாளர்கள் கொடுக்கும் ஆயுள் பொதுவாகப் பத்து ஆண்டு. காலாவதியான சிலிண்டர் இல்லாமல் பார்த்துக்கொள்வது போட்டியாளரின் பொறுப்பு என்று சர்வதேச விதியே சொல்கிறது. திகதி கடந்திருந்தால் புதுச் சிலிண்டரின் விலையை இவர் கேட்கும் விலையோடு கூட்டிப் பாருங்கள், ‘மலிவு’ எங்கே போனது என்று தெரியும். ரைபிளின் மொத்த எடை 5.5 கிலோவைத் தாண்டக்கூடாது. மேலதிக எடைகள் பூட்டியிருந்தால் தராசில் வைத்துப் பார்க்கவும். ரைபிள் யாருடைய பெயரில், என்ன அனுமதியோடு இருக்கிறது என்பதற்கும் கடதாசியைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

காற்று நிரப்ப நம் ஊரில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது உப்புவெளி, நிலாவெளியில் இருக்கும் சுழியோடிக் கடைகள். அவர்களின் கொம்பிரசர் 200 பார் தரும், அது பிரச்சினையில்லை. ஈரத்தைத்தான் கேட்க வேண்டும்: வடிகட்டியைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? கடற்காற்றின் ஈரம் உள்ளே போனால் வால்வு துருப்பிடிக்கும், வெளியே தெரியவும் தெரியாது. எந்தக் காரணத்துக்காகவும் ஒட்சிசன் சிலிண்டரிலிருந்து நிரப்ப விடாதீர்கள். உள்ளே இருக்கும் எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும்.

கேள்வி: முறித்துச் சுடும் பழைய ஸ்பிரிங் ரைபிளுக்கு .22 துப்பாக்கியின் டெலஸ்கோப்பைப் பூட்டினேன். இரண்டு வாரத்தில் குறி அலைகிறது. டெலஸ்கோப் போலியா?

பதில்: போலி என்று சொல்ல முடியாது. ஸ்பிரிங் ரைபிள் முதலில் பின்னால் உதைத்து, உள்ளே ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் போய் முட்டியதும் முன்னால் உதைக்கும். சாதாரணத் துப்பாக்கி ஒருபக்கம்தான் உதைக்கும், அதன் டெலஸ்கோப்பும் அதற்கு ஏற்றபடிதான் இருக்கும். நானும் ஒன்றை இப்படித்தான் கெடுத்தேன். உள்ளே கண்ணாடி கழன்று கிலுகிலுப்பைபோல ஆடியது. விற்ற கடைக்காரர் ‘எயார் ரைபிளுக்கா? அது காற்றுத்தானே’ என்று சிரித்துவிட்டுப் பணத்தைத் திருப்பித் தரவில்லை. ஸ்பிரிங் எயார் ரைபிளுக்கென்று போட்டிருக்கும் டெலஸ்கோப்பையே வாங்குங்கள், பில்லில் அந்த வார்த்தையையும் எழுதச் சொல்லுங்கள்.