மூணாறு மார்கழியும் செல் சவ்வும்

அன்புள்ள சார்,

செல் சவ்வைப் பற்றி நீங்கள் எழுதியதை வகுப்பில் வாசித்தேன். சவ்வின் தடிமன் 5 நானோமீட்டர்தான் என்றதும் ஒரு பெண் எழுந்தாள். "சாதாரண நுண்ணோக்கியில் 200 நானோமீட்டருக்குக் கீழே பிரிச்சுப் பார்க்க முடியாதுன்னு சொன்னீங்களே டீச்சர், அப்புறம் சவ்வுல இருக்கிற கொழுப்பு மூலக்கூறு, அந்த லிப்பிட், எப்படி அடுக்கியிருக்குன்னு ஒளியை வச்சு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?" எனக்குப் பதில் தெரியவில்லை.

ஓர் ஆசிரியை, மூணாறு

அன்புள்ள டீச்சர்,

அந்தப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவள் சொல்வது சரி, லிப்பிட்டின் உருவம் நுண்ணோக்கியில் தெரியாது. அதனால் உருவத்தை விட்டுவிட்டு, லிப்பிட்டுகள் எவ்வளவு நெருக்கமாக அடுக்கியிருக்கின்றன என்பதை அளக்கிறார்கள்.

மார்கழிக் காலையில் உங்கள் வீட்டுத் தேங்காயெண்ணெய் பாட்டிலை வகுப்புக்கு எடுத்துப் போங்கள். (நான் இருக்கும் கொழிஞ்சாம்பாறையில் அவ்வளவு குளிர் கிடையாது.) சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். வெயிலில் வைத்தால் ஓரம் இளகும், நடுவில் வெள்ளைக் கட்டி நிற்கும். சவ்விலும் இப்படி நெருங்கிய பகுதியும் தளர்ந்த பகுதியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். ஒரு வித்தியாசம்: கொலஸ்ட்ரால் உள்ள சவ்வில் நெருங்கிய பகுதியும் கட்டியாகிவிடாது, நகர்ந்துகொண்டுதான் இருக்கும்.

இந்த நெருக்கத்தை அளக்க லார்டான் என்ற சாயம் இருக்கிறது. உயிர்வேதியியலாளர் கிரிகோரியோ வெபர் உருவாக்கியது. சவ்வுக்குள் போய் லிப்பிட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்துகொள்ளும். லிப்பிட்டுகள் தளர்ந்திருந்தால் தண்ணீர் மூலக்கூறுகள் உள்ளே கசியும். ஒளி பட்டுக் கிளர்ந்த சாயம் அவற்றைத் திருப்பி அடுக்குவதில் கொஞ்சம் ஆற்றலை இழந்து, 490 நானோமீட்டர் அலைநீளத்தின் பக்கம் பச்சை கலந்த நீலமாக ஒளிரும். நெருங்கியிருந்தால் தண்ணீருக்கு இடமில்லை. 440 பக்கம் நல்ல நீலம். இரண்டையும் இரண்டு உணரிகளில் பிடித்து ஒப்பிடுகிறார்கள். படத்தின் ஒரு புள்ளிக்குள் பல்லாயிரம் லிப்பிட்டுகள் இருக்கும், கிடைப்பது அவற்றின் சராசரி. இதையும் அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சாயமே சவ்வைக் கொஞ்சம் கலைக்கலாம். சாயமில்லாமல் அளக்க, கண்ணாடி போன்ற பரப்பில் சவ்வை விரித்து, அதன் அடியில் இரண்டு விதமாக அதிரும் ஒளியைச் செலுத்துகிறார்கள். லிப்பிட்டுகள் ஒரே பக்கமாக நிமிர்ந்து நின்றால் இரண்டும் வேறு வேறு அளவில் தாமதமாகும். கலைந்து கிடந்தால் அந்த வித்தியாசம் குறையும்.

1997இல் கை சைமன்ஸ், எலினா இகோனன் என்ற செல் உயிரியலாளர்கள் உயிருள்ள செல்லின் சவ்வில் இத்தகைய நெருங்கிய திட்டுகள் தெப்பம்போல மிதக்கின்றன என்றார்கள். செயற்கைச் சவ்வுகளில் இவை பெரிதாகவே தெரிகின்றன. செல்லில் மிகச் சிறியவை, சீக்கிரம் கலைபவை. விவாதம் இன்னும் ஓயவில்லை.

தேங்காயெண்ணெய்க்குப் பக்கத்தில் ஒரு பாட்டில் நல்லெண்ணெயையும் இரவு முழுக்க வையுங்கள். அது உறையாது, அதன் கொழுப்பு மூலக்கூறுகளின் நீண்ட வால்களில் பெரும்பாலானவை வளைந்தவை, நெருங்கி அடுக்கிக்கொள்ளாது. குளிர்நீரில் வாழும் கெண்டை மீன் தன் சவ்வில் இப்படி வளைந்த வால்களைத்தான் கூட்டிக்கொள்கிறது.