மாத்திரையைக் குறைத்த இரவுகள்

கால் குடைச்சல் மாத்திரையை எப்படி விடுவது என்று கேட்டு இந்த முறை கடிதங்கள் குவிந்துவிட்டன. புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் மருந்தாளுநர். எனக்கும் இதே நோய் உண்டு, இதே மாத்திரையைச் சாப்பிட்டு, பிறகு அதை விட்டவள். டாக்டர் அல்ல. உங்கள் அளவை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் டாக்டர்தான். அவரிடம் என்ன கேட்கலாம் என்று சொல்வதுதான் என் வேலை.

கேள்வி: அக்கா, எனக்கு வயது 58. படுத்தால் கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர்கிற மாதிரி இருக்கும், எழுந்து நடந்தால்தான் அடங்கும். ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம் என்று சொல்லி பிரமிபெக்சோல் 0.125 மில்லிகிராம் கொடுத்தார்கள். முதல் ராத்திரியே நிம்மதியாகத் தூங்கினேன். வருஷம் போகப் போக ஏற்றி ஏற்றி இப்போது 0.75. முன்பு ராத்திரி பத்து மணிக்கு வந்தது இப்போது மத்தியானம் மூன்று மணிக்கே வருகிறது, கைகளிலும் வருகிறது. புது டாக்டர் மாத்திரையை விட வேண்டும் என்று சொல்லி ஒரு படி குறைத்தார். அந்த வாரம் முழுக்க வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். தாங்க முடியாமல் பழைய அளவுக்கே போய்விட்டேன். "மாத்திரை உனக்குத் தேவைதான் என்று இதிலேயே தெரியவில்லையா?" என்கிறார் என் கணவர். அவர் சொல்வது சரிதானா?

பதில்: இல்லை. அவர் சொல்வது நியாயமாகத்தான் படும், ஆனால் தவறு. குறைத்த வாரத்தில் நீங்கள் அனுபவித்தது உங்கள் நோயின் உண்மையான அளவு அல்ல. மருந்து விலகும்போது வரும் எதிர்வினை அதில் பெரும்பகுதி. அந்த இரவுகளை வைத்து "மாத்திரை இல்லாமல் நான் இப்படித்தான் இருப்பேன்" என்று முடிவு கட்டாதீர்கள்.

மணி முன்னால் நகர்ந்தது, கைக்குப் பரவியது, ஏற்றிய ஒவ்வொரு அளவும் கொஞ்ச காலம் மட்டும் கேட்டது என்று நீங்கள் எழுதியிருக்கும் மூன்றையும் சேர்த்தால் அதற்கு ஆக்மென்டேஷன் என்று பெயர். எந்த மருந்து நோயை அடக்கியதோ அதுவே நோயைப் பெரிதாக்குகிற நிலை. 1996-இல் லெவோடோப்பா என்ற டோப்பமின் வகை மருந்தைச் சாப்பிட்டவர்களிடம் முதலில் இதை விவரித்தார்கள். பிறகு வந்த ரோபினிரோல், பிரமிபெக்சோல் மாத்திரைகளிலும் இதே கதைதான், இவையும் மூளையில் டோப்பமின் என்ற ரசாயனம் போல வேலை செய்பவை. அமெரிக்காவில் 2005-லும் 2006-லும் இந்த நோய்க்கு அவற்றை அனுமதித்தபோது எல்லோரும் கொண்டாடினார்கள். 2025-இல் அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி வெளியிட்ட வழிகாட்டுதல், இவற்றை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. அதனால் பழைய டாக்டர் மேல் கோபப்படாதீர்கள், அன்றைக்கு இருந்த அறிவு அவ்வளவுதான். ஆனால் அளவை இவ்வளவு தூரம் ஏற்றியதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. இந்த நோய்க்கு அமெரிக்காவில் பரிந்துரைக்கப்படும் உச்ச அளவே 0.5 தான்.

சரி, எப்படி வெளியே வருவது? உங்கள் முதல் முயற்சியில் என்ன விட்டுப்போனது என்று கடிதத்தைப் படித்ததுமே தெரிந்தது. மாற்று மருந்து எதுவும் தொடங்காமலே குறைத்திருக்கிறார்கள். பல நிபுணர்கள் முதலில் கேபாபென்டின் அல்லது பிரிகாபலின் என்ற நரம்பு வலி மருந்தைத் தொடங்கி, அது ஓரளவு உடம்பில் ஊன்றிய பிறகுதான் பழைய மாத்திரையில் கை வைப்பார்கள். அதோடு இரும்புச் சத்தையும் பார்ப்பார்கள் (அதைப் பற்றி இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார், கீழே பாருங்கள்). குறைக்கும்போது ஒரு படிக்கு 0.125 அளவில் இறங்கி, உடம்பு அடங்க ஒரு வாரமோ இரண்டு வாரமோ கொடுத்து, அடுத்த படிக்குப் போவது பலருக்கும் தாங்கும். உங்களுக்கு எந்த வேகம் என்பதை டாக்டரோடு உட்கார்ந்து, தேதி போட்டு, ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு மூளை பேரம் பேசும். அப்போது அந்தத் தாள்தான் பதில் சொல்லும். இன்னொன்று, நீங்கள் சாப்பிடுவது மெதுவாகக் கரையும் வகை மாத்திரை என்றால் அதை உடைக்கவே கூடாது. சிறிய அளவு மாத்திரைகளைத் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள்.

மேல் படிகளை விடக் கடைசிப் படிதான் கஷ்டம். 0.25-இலிருந்து 0.125, அங்கிருந்து பூஜ்யம். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பது என் பெரிய மனக்குறை. சின்ன அளவுதானே, சுலபமாகப் போய்விடும் என்று நினைத்துத்தான் நானும் இறங்கினேன். முழுசாக நிறுத்திய முதல் சில இரவுகளில் தூக்கம் என்பதே கிடையாது. உட்கார்ந்தால் கால் துள்ளும், நின்றால் கண் சொருகும், நின்றபடியே சாப்பிட்டேன். அந்த இரவுகளுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். முடிந்தால் வேலைக்கு விடுப்பு எடுங்கள். வண்டி ஓட்டவே கூடாது. புது மருந்து தலையைச் சுற்ற வைக்கலாம், அதோடு இருட்டில் நடந்தால் விழுந்துவிடுவீர்கள். நடக்கும் வழியில் விளக்கு எரியட்டும், காலில் இடறும் பொருளை எல்லாம் ஓரம் கட்டுங்கள்.

நடப்பதும் நீட்டி மடக்குவதும் உதவும். வெந்நீரா, குளிர்ந்த நீரா என்பது ஆளுக்கு ஆள் மாறும், இரண்டையும் முயன்று பாருங்கள். எனக்கு அதிகம் கைகொடுத்தது மூளைக்கு வேலை கொடுத்ததுதான். சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் படம் உதவவில்லை. உயரமான மேசையில் நின்றபடி குறுக்கெழுத்துப் போட்டேன், கணக்குப் போட்டேன், ஒருவரோடு வாக்குவாதம் கூடச் செய்தேன். மனம் உண்மையிலேயே ஈடுபட்டால் கால் அடங்குவது இந்த நோயின் குணங்களில் ஒன்று. காப்பியும் மதுவும் புகையும் பலருக்கு இதைக் கிளறும், அந்த நாட்களிலாவது தள்ளி வையுங்கள்.

பெரும்பாலோருக்கு ஓரிரு வாரத்தில் தணியத் தொடங்கும். கேபாபென்டினோ பிரிகாபலினோ உண்மையில் எவ்வளவு வேலை செய்கிறது என்பது அப்புறம்தான் தெரியும். குறைக்கிற காலத்திலேயே "இது கேட்கவில்லை" என்று அதைத் தூக்கிப்போடாதீர்கள்.

அப்படியும் தாங்கவே முடியாதவர்களுக்கு, குறைந்த அளவு ஓபியாய்டு (அபின் வகை வலி நிவாரணி) மருந்தை டாக்டர் நேரடிக் கண்காணிப்பில் கொடுப்பது உண்டு. பெயரைக் கேட்டதும் பயப்படுவீர்கள், ஆனால் இது புதுசு அல்ல. 1672-இல் தாமஸ் வில்லிஸ் இந்த நோயை முதலில் எழுதி வைத்தபோதே அபினிக் கரைசல் கொடுத்துத்தான் நோயாளியைத் தூங்க வைத்தார். அடிமையாகும் அபாயமும் மூச்சு மந்தப்படும் அபாயமும் உள்ள மருந்து, அதனால் அனுபவமுள்ள நிபுணர் தேவை. ஆனால் அந்த வழி இருக்கிறது என்று தெரிந்திருப்பதே நடு ராத்திரியில் ஒரு தெம்பு.

எக்காரணம் கொண்டும் ஒரே நாளில் 0.75-ஐ நிறுத்தாதீர்கள். டோப்பமின் மருந்தைச் சட்டென்று வெட்டினால், அரிதாக, கடும் காய்ச்சலும் தசை இறுக்கமும் குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை: ஐயா, "போட்டுக்கொண்டுவிடேன்" என்று அன்பில்தான் சொல்கிறீர்கள். ஆனால் அந்த நேரத்தில் அவரைக் கவிழ்க்க அந்த ஒரு சொல் போதும். அதற்குப் பதில் அந்தத் தாளை எடுத்து "இன்னும் எத்தனை நாள் இந்தப் படியில்?" என்று கேளுங்கள்.

கேள்வி: பெயர் வேண்டாம். ரோபினிரோலை டாக்டர் சொன்னபடி குறைத்து நிறுத்திச் சில வாரம் ஆகிறது. கால் பரவாயில்லை. மனசுதான் சரியில்லை. காரணமில்லாமல் பதறுகிறது, வேர்க்கிறது, எதிலும் பிடிப்பு இல்லை. ஒரு மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்று கை அரிக்கிறது. மாத்திரை சாப்பிட்ட காலத்தில் ராத்திரியெல்லாம் செல்போனில் பணம் வைத்துச் சூதாடினேன். அந்த ஆசை மாத்திரையோடு போய்விட்டது. இதெல்லாம் வீட்டில் யாருக்கும் தெரியாது. நான் பலவீனமானவனா?

பதில்: பலவீனம் இல்லை தம்பி, இரண்டுக்கும் பெயர் இருக்கிறது. சூதாட்ட வெறி இந்த வகை மருந்துகளின் தெரிந்த பக்க விளைவு. சிலருக்குச் சூதாட்டம், சிலருக்கு அடங்காமல் பொருள் வாங்குவது, சிலருக்குத் தின்பது, சிலருக்குக் காமம். மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளிலேயே அச்சடித்திருக்கிறது, யார் படிக்கிறார்கள்! வாழ்நாளில் சீட்டைத் தொடாதவர்கள் கூட இதில் மாட்டியிருக்கிறார்கள்.

இப்போது நீங்கள் படும் பாடு டோப்பமின் மருந்து விலகல் நோய்க்குறி. 2010-இல் பார்க்கின்சன் நோயாளிகளிடம் முதலில் விவரித்தார்கள், கால் நோய்க்காரர்களுக்கும் வருகிறது. பதற்றம், திடீர்ப் பீதி, சோர்வு, வேர்வை, உடம்பு வலி, மருந்துக்கான ஏக்கம் எல்லாம் அதில் அடக்கம். மருந்து இருந்தபோது சூதாட்டம் மாதிரியான வெறி வந்தவர்களுக்கே இது அதிகமாக வருகிறது. அதனால்தான் அந்த ரகசியத்தை டாக்டரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்கிறேன். அது தெரியாமல் அவர் இதை வெறும் மனச்சோர்வு என்று எடுத்துக்கொள்ளக்கூடும்.

எவ்வளவு நாள் நீடிக்கும்? சிலருக்கு வாரங்கள், சிலருக்கு மாதங்கள். இதற்கென்று நிச்சயமான மாற்று மருந்து இல்லை. மிகவும் மோசமானால் பழைய மருந்தைச் சிறு அளவில் திரும்பத் தொடங்கி, இன்னும் மெதுவாக இறங்க வைப்பது உண்டு. அதை டாக்டர்தான் செய்ய வேண்டும், அலமாரியில் மிச்சம் இருக்கும் அட்டையை எடுத்து நீங்களே செய்யக் கூடாது. அந்த அட்டையை இன்றைக்கே வெளியேற்றுங்கள். மனச்சோர்வு மருந்து தருவதாக இருந்தால், மிர்டசபினும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்துகளும் சிலருக்குக் கால் குடைச்சலைக் கூட்டும், புப்ரோபியான் பொதுவாக அப்படிச் செய்வதில்லை என்பதை டாக்டருக்கு நினைவூட்டுங்கள். ஏற்கனவே ஒன்றைச் சாப்பிட்டு வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அதை நிறுத்திவிடாதீர்கள்.

உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் ஒரு நொடி வந்தாலும் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள், தனியாகப் போக வேண்டாம். வீட்டில் ஒருவரிடமாவது முன்பே சொல்லி வையுங்கள். இந்தப் பக்கத்தை அவரிடம் நீட்டினாலும் போதும்.

கேள்வி: உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனையில் 38 என்று வந்திருக்கிறது. "நார்மல்" என்று எழுதியிருக்கிறார்கள். அப்புறம் ஏன் டாக்டர் இரும்புச் சத்து மாத்திரை எழுதுகிறார்?

பதில்: ஆய்வகம் சொல்லும் நார்மல் எல்லோருக்கும் பொதுவானது. இந்த நோயில் ரத்தத்தில் இரும்பு இருந்தாலும் மூளைக்குள் குறைவாக இருக்கலாம். அதனால் கணக்கே வேறு. பெரியவர்களுக்கு ஃபெரிட்டின் 75 அல்லது அதற்குக் கீழே, அல்லது டிரான்ஸ்ஃபெரின் செறிவு (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்ற கணக்கு) 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இரும்பு கொடுக்கலாம் என்கிறது அந்த 2025 வழிகாட்டுதல். 75-க்கும் 100-க்கும் இடையில் என்றால் மாத்திரை போதாது, ரத்தக் குழாய் வழியாக ஏற்ற வேண்டும். உங்கள் டாக்டர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

ரத்தம் காலையில், வெறும் வயிற்றில், முந்தின நாள் இரும்பு மாத்திரை போடாமல் கொடுங்கள். கால்சியம் மாத்திரையோடு சேர்த்து இரும்பைச் சாப்பிட வேண்டாம். பலன் தெரிய மாதங்கள் ஆகும், பிறகு மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். பரிசோதிக்காமல் தானாக வாங்கிச் சாப்பிடுவது தப்பு, இரும்பு தேங்கினால் கல்லீரல் கெடும். 38 வரை இறங்கியது ஏன் என்றும் கேளுங்கள். எங்காவது ரத்தக் கசிவு இருக்கலாம்.

கேள்வி: மாத்திரையைக் குறைப்பதால் தூக்கமே இல்லை. சளிக்குக் கொடுத்த தூக்கம் வரும் மாத்திரை வீட்டில் இருக்கிறது. போடலாமா?

பதில்: வேண்டாம். டைஃபென்ஹைட்ரமின், புரோமெத்தசின் போன்ற பழைய ஒவ்வாமை மருந்துகள் கண்ணை மூட வைக்கும், காலை எழுப்பிவிடும். தூக்கக் கலக்கத்தோடு நடந்துகொண்டிருப்பது விழித்து நடப்பதை விடக் கொடுமை. வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடும் அப்படியே. அதற்குப் பதில் டாம்பெரிடோன் பொருந்துமா என்று கேளுங்கள், இதயத் துடிப்பில் கோளாறு இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: பிரமிபெக்சோலுக்குப் பதில் பிரிகாபலின் தொடங்கியிருக்கிறார்கள். கடைசியில் இதுவும் அதே மாதிரி மாட்டிவிடாதா?

பதில்: நல்ல சந்தேகம். ஓராண்டு நடந்த ஓர் ஒப்பீட்டு ஆய்வு 2014-இல் வெளியானது. அதில் ஆக்மென்டேஷன் பிரிகாபலினில் 2.1 சதவீதம், பிரமிபெக்சோல் 0.5 மில்லிகிராமில் 7.7 சதவீதம். ஆகவே அந்தப் பொறி இதில் வெகுவாகக் குறைவு. வேறு தொல்லைகள் உண்டு: தலைசுற்றல், தள்ளாட்டம், எடை கூடுவது, சிலருக்கு மனநிலை மாற்றம். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். ஓபியாய்டு மருந்து சாப்பிடுகிறவர்கள், மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இதையும் விட வேண்டி வந்தால் படிப்படியாகத்தான் விட வேண்டும், ஒரு நாளில் அல்ல.