ஹாலோவீன் பேய் வீட்டில் நம்மைத் தொடுவார்களா? பயந்தவர்கள் போகலாமா?

அக்டோபர் 31-ல் வரும் ஹாலோவீனை ஒட்டி, பேய் வேடமிட்ட நடிகர்கள் நம்மைப் பயமுறுத்தும் கேளிக்கை நிகழ்ச்சிதான் பேய் வீடு. பெரும்பாலான இடங்களில் நடிகர்கள் தொடமாட்டார்கள். தொடுகிற இடங்கள் முன்கூட்டியே சம்மதம் கேட்கும். அமெரிக்காவில் பிலடெல்பியாவின் ஈஸ்டர்ன் ஸ்டேட் பழைய சிறைச்சாலையில் நடக்கும் பேய் வீடு இதற்கு நல்ல உதாரணம். 1829-ல் திறந்து 1971-ல் மூடப்பட்ட நிஜச் சிறைக் கட்டடம் அது. அங்கே ஒளிரும் கழுத்துப் பட்டை மாட்டிக்கொண்டவர்களை மட்டும்தான் தொடுவார்கள், கூட்டத்திலிருந்து தனியே இழுப்பார்கள். மாட்டாதவரை விட்டுவிடுவார்கள். ரொம்ப நாகரிகமான ஏற்பாடு என்பேன். வசூலும் அந்தக் கட்டடத்தைப் பாதுகாக்கப் போகிறது.

பயம் எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால் பாதி தைரியம் வந்துவிடும். பாதை வேண்டுமென்றே குறுகலாக, வளைந்து வளைந்து போகும்; புகையால் நாலடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. இடப்பக்கம் ஒரு பொம்மை விளக்கொளியில் துடிக்கும். எல்லோரும் அதைப் பார்க்கும்போது, வலப்பக்கக் கறுப்புத் திரையைச் சட்டென்று விலக்கிக்கொண்டு நடிகர் பாய்வார். பல நேரம் பின்னாலிருந்துதான் அலறுவார்கள். அப்போதுதான் கூட்டம் முன்னே ஓடும், வரிசை தேங்காது. கத்துகிறவரைத்தான் விரும்பித் துரத்துவார்கள், ஏனென்றால் அவர்களுக்கு அதுதான் கைத்தட்டல்.

இதய நோய், வலிப்பு நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தவிர்ப்பது நல்லது. மின்னல் விளக்குகள் வேறு கண்ணைப் பறிக்கும். மற்றவர்கள் தாராளமாகப் போகலாம். முடியவில்லை என்றால் பக்கத்தில் நிற்கும் ஊழியரிடம் சொல்லுங்கள், வெளியே கூட்டிப்போவார். அப்புறம், அக்டோபர் தொடக்கத்தில் ஒரு வாரநாளாகப் பார்த்துப் போங்கள். மாதக் கடைசியில் வரிசையிலேயே இரவு போய்விடும்.