வயிற்றில் பிள்ளை, ஊரெல்லாம் கொரோனா: கர்ப்பிணிகளின் கேள்விகள்

கர்ப்பிணிகளும் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம் என்று 2021 ஜூலை 2-ம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் அறிவித்ததிலிருந்து கேள்விகள் குவிந்தன. அந்த நாட்களின் பதில்கள் இவை. ஊசிக்கு அப்புறம் வருகிறேன். முதலில் மூச்சு.

எனக்கு ஏழு மாதம். மற்றவர்களைவிட எனக்கு ஆபத்து அதிகமா?

தொற்று வந்தால் அது முற்றும் வாய்ப்பு அதிகம். மாதம் ஏற ஏற கருப்பை, நுரையீரலுக்குக் கீழே இருக்கும் உதரவிதானத் தசையை மேலே தள்ளுகிறது. நுரையீரல் விரிய இடம் குறைகிறது. ஆக்ஸிஜன் தேவையோ கூடிக்கொண்டே போகிறது. வரவு குறைந்து செலவு ஏறிய குடும்பம் மாதிரிதான். போதாததற்கு, ரத்தம் உறையும் தன்மையும் இப்போது கூடுதல். அமெரிக்காவில் 2020-ல் அறிகுறியோடு தொற்று வந்த கர்ப்பிணிகளில் ஆயிரத்துக்குச் சுமார் 10 பேருக்குத் தீவிர சிகிச்சை தேவைப்பட்டது. கர்ப்பமில்லாத பெண்களில் சுமார் 4 பேருக்கு. பெரும்பாலோருக்குத் தீவிர சிகிச்சை தேவைப்படவில்லை என்பதும் இதிலேயே தெரிகிறது. ஆனால் சர்க்கரை, ரத்த அழுத்தம், உடல் பருமன் இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு ஆபத்து அதிகம் என்பதை 2009 பன்றிக் காய்ச்சலிலும் பார்த்தோம்: அமெரிக்க மக்கள்தொகையில் சுமார் 1 சதவீதமே இருந்த கர்ப்பிணிகள், இறந்தவர்களில் 5 சதவீதம்.

காய்ச்சல் அடிக்கிறது. மாத்திரை பிள்ளைக்கு ஆகாது, பொறுத்துக்கொள் என்கிறார் மாமியார்.

பொறுக்காதீர்கள். மூச்சுத் திணறலோடு தாமதமாக வந்த பலரிடம் காரணம் கேட்டேன். "பிள்ளைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயம் டாக்டர்" என்பதே பதில். தாய்க்கு ஆக்ஸிஜன் குறைந்தால் பிள்ளைக்கும் குறையும், அம்மா. மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போடலாம். இபுபுரூஃபென் வேண்டாம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவை 95 சதவீதத்துக்குக் கீழே காட்டினாலோ, மூச்சு வாங்கினாலோ, பிள்ளை அசைவு குறைந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள்; விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மார்பு எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் தேவை என்றால் மறுக்காதீர்கள். கருவை எட்டும் கதிர்வீச்சு மிகமிகக் குறைவு.

வளைகாப்பு முடிந்ததும் தடுப்பூசி போடலாமா?

ஊசியை முதலில் போடுங்கள். எந்த மாதத்திலும் போடலாம். 2021-ல் போடப்பட்ட கோவிஷீல்டு, கோவாக்சின் தடுப்பூசிகள் இரண்டிலும் உடலுக்குள் பெருகக்கூடிய கொரோனா கிருமி கிடையாது. வளைகாப்பா? வீட்டோடு நாலு பேர், ஜன்னலைத் திறந்து வைத்து, கட்டுசோற்றோடு முடித்துக்கொள்ளுங்கள். இருநூறு பேர் வரிசையில் வந்து கன்னத்தில் சந்தனம் தடவும் காலமா இது!

தொற்று இருந்தால் சிசேரியன்தானா?

இல்லை. தொற்றுக்காக மட்டும் வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. தாய்க்கு மூச்சு மிகவும் மோசமானால் முன்கூட்டியே பிரசவம் பார்க்க நேரலாம். அது வேறு விஷயம்.

பாசிட்டிவ் என்று வந்துவிட்டது. பால் கொடுக்கலாமா?

கொடுங்கள். சீம்பாலை வீணாக்க வேண்டாம். சோப்புப் போட்டுக் கை கழுவி, முகக்கவசம் அணிந்து கொடுத்தால் போதும். எழுந்து உட்கார முடியாத அளவு அசதியா? பாலைப் பீய்ச்சிக் கொடுங்கள். தொற்று இல்லாத ஒருவர் சுத்தமான கிண்ணத்தில் வாங்கிப் பாலாடையில் புகட்டட்டும். கவசத்தைக் குழந்தைக்கு மாட்டிவிடாதீர்கள், மூச்சு முட்டும்.